கிள்ளை இறாலும் கடலூர்க் காற்றும்

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அதற்குத் தெற்கே கிள்ளையும் பிச்சாவரமும். சிதம்பரத்திலிருந்து இந்தப் பக்கம் போய் வருகிறவர்கள் கரை கட்டிய உப்புநீர்க் குட்டைகளையும், அவற்றில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும் ஏரேட்டர் சக்கரங்களையும் பார்த்திருப்பார்கள். அவை இறால் பண்ணைகள். முன்பு அவற்றில் வரி இறால் வளர்த்தார்கள். 2009-இல் வனாமிக்கு அனுமதி கிடைத்த பிறகு பெரும்பாலும் அதுதான். நம் ஊர்ச் சந்தைக்கு அதில் கொஞ்சம்தான் வரும். பெரும்பகுதி உறையவைக்கப்பட்டு அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறுகிறது.

ரோட்டர்டாம் துறைமுகத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கும் அதிகாரி கிள்ளையைப் பார்த்ததில்லை. குட்டையில் எந்தத் தீவனம் போட்டார்கள், நோய் வந்த வாரத்தில் எந்த மருந்தைக் கலந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு இறாலையும் சோதிக்கவும் முடியாது, ஏனென்றால் சோதித்த இறாலை யாரும் சாப்பிட முடியாது. ஆகவே அவர் ஒரு தாளை நம்புகிறார். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அங்கே இருப்பதை நம் அதிகாரிகள் நமக்காகவும் பயன்படுத்தலாம் என்பது என் வாதம்.

முதலில் மருந்து. குட்டையில் இறால் நெருக்கமாக வளர்கிறது, நோயும் எளிதில் பரவுகிறது. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. வைப்ரியோ போன்ற பாக்டீரியாக்களால் வரும் நோய்களும் உண்டு. கடன் வாங்கிக் குஞ்சு விட்ட விவசாயி, ஓரத்தில் இறால் செத்து ஒதுங்குவதைப் பார்த்ததும் கையில் கிடைத்ததைக் கொடுக்கத் துணிகிறார். அப்படி வந்தவைதான் குளோரம்பெனிகாலும் நைட்ரோபியூரான் வகை மருந்துகளும். குளோரம்பெனிகால் 1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட அரிய மருந்து, டைபாய்டிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் மிகச் சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்து, ரத்த அணுக்கள் உருவாவதையே நிறுத்திவிடும். இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று கோடு போட முடியாத பக்கவிளைவு அது. நைட்ரோபியூரான்கள் மரபணுவைப் பாதித்துப் புற்றுநோயைத் தூண்டக்கூடியவை என்ற சந்தேகம் உண்டு. எனவே உணவாகும் உயிரினங்களில் இவை அறவே இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் சட்டம்.

அறவே என்றால் எவ்வளவு? ஆய்வகத்தில் சுழியம் என்று ஓர் எண் கிடையாது. கருவியால் காண முடிகிற கடைசி அளவு ஒன்றுதான் உண்டு, அதுவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். 2001, 2002 ஆண்டுகளில் ஆசிய நாடுகளின் இறாலில் குளோரம்பெனிகால் இருப்பதாக ஐரோப்பாவில் கண்டுபிடிக்கத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் வெடித்தது. ஏற்றுமதி செய்யும் ஊரில் இல்லை என்று எழுதிக் கொடுத்த அதே சரக்கில், கூர்மையான கருவி வைத்திருக்கும் துறைமுகத்தில் இருக்கிறது என்று வந்தது. இரண்டு ஆய்வகங்களுமே பொய் சொல்லவில்லை, அவற்றின் சுழியங்கள்தான் வேறு. அதனால் ஐரோப்பிய ஒன்றியம், ஓர் ஆய்வகம் குறைந்தபட்சம் எவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையே எண்ணாக எழுதியது. ஒரு கிலோ இறாலில் குளோரம்பெனிகால் 0.3 மைக்ரோகிராம், நைட்ரோபியூரான் எச்சம் 1 மைக்ரோகிராம். 2019-இல் வந்த புதிய விதியின்படி 2022 நவம்பர் இறுதியிலிருந்து இவை முறையே 0.15 ஆகவும் 0.5 ஆகவும் பாதியாயின. இருபது டன் இறாலை ஏற்றிய ஒரு கன்டெய்னரை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள எந்த ஒரு நைட்ரோபியூரான் எச்சமும் மொத்தத்தில் பத்து மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது ரசமான கதை. நைட்ரோபியூரான் மருந்தை இறாலின் உடலில் தேடிப் பயனில்லை. உள்ளே போன சில மணி நேரத்திலேயே அது சிதையத் தொடங்கிவிடும். ஆனால் சிதைந்த துண்டுகள் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். ஆய்வகம் தேடுவது அந்தத் துண்டுகளைத்தான். இறால் சதையை அரைத்து, லேசான அமிலத்தில் போட்டு, ஒட்டிய துண்டைப் புரதத்திலிருந்து பிரிப்பார்கள். அது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் கருவிக்குத் தட்டுப்படும்படி வேறொரு மூலக்கூறை அதோடு பிணைத்து, இரவு முழுக்க 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். பிறகு கரைப்பானில் வடித்தெடுத்து, நிறமாலை முறையில் எடை பார்க்கும் கருவிக்குள் அனுப்புவார்கள். அந்தக் கருவி ஒரு மூலக்கூறை நிறுத்து, உடைத்து, உடைந்த துண்டுகளையும் நிறுக்கும். இரண்டு எடைகளும் பொருந்தினால்தான் இது அதுதான் என்று சொல்லும். இதற்குச் செலவு அதிகம். அதனால் எலைசா என்ற மலிவான முறையில் முதலில் சலித்துவிட்டு, சந்தேகத்துக்குரியதை மட்டும் பெரிய கருவிக்கு அனுப்புவது வழக்கம்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற இடமுண்டு. நைட்ரோபியூரசோன் என்ற மருந்தின் அடையாளமாகத் தேடப்படும் செமிகார்பசைடு, சில ஓட்டுடலிகளின் ஓட்டில் இயற்கையாகவே இருக்கிறது. மருந்தே பார்க்காத உயிரை ஓட்டோடு சேர்த்து அரைத்தால் அது குற்றவாளியாகிவிடும். கிரேஃபிஷ் என்ற ஓட்டுடலியைப் பொறுத்தவரை இதை ஐரோப்பிய விதியே ஒப்புக்கொள்கிறது: மருந்து பயன்படுத்தியது வேறு வகையில் உறுதியானால் மட்டுமே செமிகார்பசைடு அளவை வைத்து நடவடிக்கை எடுக்கலாம் என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. ஆகவே சோதனை அறிக்கையில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பகுதியை அரைத்தார்கள், எந்த முறையில் தேடினார்கள் என்பதையும் படிக்கத் தெரிந்தவர் அதிகாரியாக இருக்க வேண்டும்.

சரி, ஒரு நாட்டின் ஆய்வகம் சொல்வதை இன்னொரு நாடு ஏன் நம்ப வேண்டும்? ஐஎஸ்ஓ 17025 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஓர் ஆய்வகம் தன் கருவிகளை எப்படி அளவு சரிபார்க்கிறது, அதன் முடிவில் எவ்வளவு ஐயப்பாடு உண்டு, வேலை செய்கிறவர்களுக்கு என்ன பயிற்சி என்பதையெல்லாம் அது கேட்கும். அதைச் சரிபார்த்து அங்கீகாரம் தருவது இந்தியாவில் என்.ஏ.பி.எல். என்ற அமைப்பு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே மாதிரியை அனுப்பி, யார் சரியான விடைக்கு அருகே வருகிறார்கள் என்று பார்க்கும் தேர்ச்சிச் சோதனைகளும் உண்டு. என் கண்ணில் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுதான். 2000 நவம்பர் 2 அன்று வாஷிங்டனில், 28 நாடுகளைச் சேர்ந்த 36 அங்கீகார அமைப்புகள் ஐலாக் என்ற உலக அமைப்பின் கீழ் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உங்கள் நாட்டு அமைப்பு அங்கீகரித்த ஆய்வகத்தின் அறிக்கையை எங்கள் ஆய்வகத்தின் அறிக்கைக்குச் சமமாக மதிப்போம் என்பது அதன் சாரம். இந்தியாவும் அந்த வளையத்துக்குள் இருக்கிறது.

ஆனால் எந்த நாட்டு அரசும் அந்த ஒப்பந்தத்தை மட்டும் நம்பிக் கதவைத் திறந்துவிடவில்லை. இதை இந்தியா அடிபட்டுத்தான் கற்றது. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுகளின் இறக்குமதியையே நிறுத்தியது. பதப்படுத்தும் கூடங்களின் சுகாதாரக் குறைகள்தான் காரணம். அந்த ஆண்டு இறுதியில் தடை தளர்ந்தபோது, தகுதியுள்ள கூடங்கள் மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. அந்தத் தகுதியைப் பார்ப்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்றுமதி ஆய்வுக் குழு. கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடா, பண்ணைகளைப் பதிவு செய்வது, அறுவடைக்கு முன் குட்டையிலிருந்து மாதிரி எடுத்து எலைசா செய்வது, நாடு தழுவிய எச்சக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்துவது என்று கீழ்ப்படியில் வேலை செய்கிறது. இவ்வளவு இருந்தும், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பத்து விழுக்காட்டைச் சோதித்துவந்ததை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. மருந்து எச்சம் திரும்பத் திரும்ப அகப்பட்டதுதான் காரணம். சான்றிதழை ஏற்றுக்கொள், ஆனால் எவ்வளவு நம்பலாம் என்பதைச் சோதனை முடிவுகளைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய் என்பது அவர்கள் முறை. இது நம் அதிகாரிகள் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கைப்பேசி சார்ஜருக்கும் சர்வதேசச் சான்றிதழ் உண்டு. ஐ.ஈ.சி. என்ற உலக மின்தொழில்நுட்ப அமைப்பின் சி.பி. திட்டத்தில் ஒரு நாட்டில் ஒருமுறை சோதித்த அறிக்கை, ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளில் செல்லுபடியாகும். இந்தியாவும் அதில் உறுப்பினர். ஆனாலும் 2012-இல் தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின் கீழ் வரும் மின்னணுப் பொருட்களுக்கு, இந்தியத் தர அமைவனம் அங்கீகரித்த உள்நாட்டு ஆய்வகத்தின் சோதனையைத்தான் நம் அரசு கேட்கிறது. சேர்ந்திருந்தும் எந்த அளவுக்கு நம்புவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்பதற்கு இது நல்ல சான்று. சார்ஜருக்கு இந்த ஏற்பாடு ஏன் பொருந்துகிறது? ஒரே அச்சில் பத்து லட்சம் சார்ஜர்கள் வருகின்றன, ஒன்றைச் சோதித்தால் மற்றவற்றையும் சோதித்தது போலத்தான். இறால் அப்படியல்ல. பக்கத்துப் பக்கத்துக் குட்டைகளில் ஒன்று சுத்தமாகவும் இன்னொன்றில் மருந்து எச்சமாகவும் இருக்கலாம். ஒரே குட்டை சித்திரையில் ஒருவிதம், ஆவணியில் வேறுவிதம். எனவே சார்ஜர் விஷயத்தில் ஓர் அரசு சோதனையின் முடிவையே கடன் வாங்கலாம். இறாலில் முடிவைக் கடன் வாங்க முடியாது. சோதிக்கும் முறையையும் சோதிப்பவரின் தகுதியையும்தான் வாங்கலாம், சோதனையை ஒவ்வொரு குட்டைக்கும் புதிதாகச் செய்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, சான்றிதழ் பெற்ற பண்ணை என்ற பெயர்ப்பலகையோடு நிறைவடைகிற இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

தனியார் சான்றிதழ்களும் வரிசைகட்டி நிற்கின்றன. ஏ.எஸ்.சி., பி.ஏ.பி. என்ற முத்திரைகளை மேலைநாட்டுப் பேரங்காடிகள் கேட்கின்றன. அரசு இவற்றை என்ன செய்வது? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் பண்ணை இறாலை வைத்தே இதை ஆராய ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. மூன்றாம் தரப்புச் சான்றளிப்போரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. 2011-இல் வந்த அவர்களின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது, ஆனால் ஒரு கடிவாளத்தோடு: ஆய்வின்போது மக்கள் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து தரும் எதையாவது கண்டால் உடனே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பணம் கொடுப்பவர் பண்ணைக்காரரோ ஏற்றுமதியாளரோ ஆனாலும், ஆபத்து நேரத்தில் தணிக்கையாளரின் கடமை அரசுக்கு. இந்த ஒரு விதி இல்லாத தனியார் சான்றிதழை எந்த அரசும் தன் கண்ணாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

மருந்து எச்சச் சான்று சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன. குட்டையின் உப்பு பக்கத்து நிலத்தடி நீரில் இறங்கியதா, அலையாத்திக் காடு அழிந்ததா என்பதெல்லாம் அதில் வராது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தபோது கடலோர மக்களின் வாதம் இந்தச் சேதங்களைப் பற்றியதுதான். கடலோர நீர்வாழ் உயிர்வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-இல் வந்தது அந்தத் தீர்ப்பின் நீண்ட விளைவு. ஏ.எஸ்.சி.யின் இறால் தரநிலையில் 1999 மே மாதத்துக்குப் பிறகு அலையாத்திக் காட்டில் அமைந்த பண்ணைக்குச் சான்று கிடையாது. பிச்சாவரத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும், ஆணையச் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் மாவட்டக் குழு, ஒரு பண்ணை இந்த முத்திரைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை அல்லது ஏன் கிடைக்கவில்லை என்று விசாரித்தாலே பல விஷயங்கள் வெளிவரும்.

அளவுகோலையே வெளியூரிலிருந்து கடன் வாங்கிய வேறொரு நிகழ்ச்சி கடலூரில் நடந்தது. அதைச் செய்தவர்கள் அதிகாரிகள் அல்லர், சிப்காட் தொழில் வளாகத்தைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்களின் மக்கள். 1980-களில் வந்த ரசாயனத் தொழிற்சாலைகளின் நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். புகார் செய்தால், காற்றில் என்ன இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நாற்றத்துக்கு ஏது ரசீது? 2004-இல் சிப்காட் வட்டாரச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் நாற்றம் வீசும் நேரத்துக் காற்றைப் பிடித்து, கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாளி 1990-களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வாழ்ந்த மக்களுக்காகப் பிறந்த கருவி. முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் வந்தன, அவற்றில் பல புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அப்போது இத்தகைய பெரும்பாலான வாயுக்களுக்கு வெளிக்காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியாவில் விதியே கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அளவோடு ஒப்பிட்டுத்தான் அறிக்கை எழுத முடிந்தது. அதன் பிறகு உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்தது. நாக்பூரிலுள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்து, புற்றுநோய் ஆபத்து மிக அதிகம் என்றது. 2009 நவம்பரில் நாட்டின் காற்றுத் தர விதிகள் திருத்தப்பட்டபோது பென்சீன் உள்ளிட்டவற்றுக்கு முதன்முறையாக எல்லை வந்தது. வாளிக் காற்று மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளூரில் அளவுகோல் இல்லாதபோது உலகத்தின் அளவுகோலை எடுத்து நம் அரசின் முன் வைக்கலாம் என்பதைக் கடலூர் மக்கள் செய்து காட்டினார்கள். அரசு தானே முன்வந்து செய்திருக்க வேண்டிய வேலை அது.

இனி நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். ஐரோப்பியர் தட்டுக்குப் போகும் இறாலுக்கு இத்தனை அடுக்குச் சோதனை. கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ கிலோ கணக்கில் வாங்கும் இறாலுக்கு? 2018-இல் கேரளத்திலும் சென்னையிலும் மீனில் பார்மலின் கலந்திருப்பதாகப் பேச்சு எழுந்தபோது, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள் சோதனை கைக்கு வந்தது. சந்தையிலேயே சில நிமிடங்களில் சலித்துவிட்டு, சந்தேகத்துக்குரியதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எலைசாவும் பெரிய கருவியும் சேர்ந்து செய்வதையே இது சந்தைத் தரையில் செய்கிறது. சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களை அரசு பயன்படுத்திக்கொள்ள வழிவிடுகிறது. கடலோர உயிர்வளர்ப்புச் சட்டத்தின் 2023 திருத்தம் பண்ணைக்குள் வரும் இடுபொருட்களையும் கண்காணிப்பில் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் குளோரம்பெனிகாலும் நைட்ரோபியூரானும் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

இந்தத் தடையின் முக்கியத்துவம் பண்ணைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நோய்த் தடுப்புப் பொருள், நுண்ணுயிர்ச் சத்து என்று சொல்லி விற்கப்படும் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கிப் போடுபவர்கள் உண்டு. கடைசியில் சரக்கு திரும்பி வரும்போது நஷ்டம் முழுவதும் விவசாயி தலையில். அறுவடை இறாலைச் சோதிப்பதோடு நின்றுவிடாமல், கடையில் விற்கும் பொட்டலத்தையும் பொரிப்பகத்தின் குஞ்சையும் அதே கருவியில் போட்டுப் பார்த்தால் குற்றம் பிறக்கும் இடம் தெரியும். ஐந்து ஏக்கர் குட்டைக்காரரைப் பிடிப்பது எளிது என்பதால் அவரையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, உள்நாட்டுச் சந்தையை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு இறால் தொழிலில் ஓங்கி ஒலித்தது. நல்ல யோசனைதான். ஆனால் வெளிநாட்டில் திருப்பப்படும் சரக்கு உள்ளூரில் கேள்வியில்லாமல் விற்றுவிடும் வழியாக அது மாறக் கூடாது. ஏற்றுமதிக்கு எடுத்த அறுவடைக்கு முந்தைய சோதனை முடிவை, தேறாத குட்டைகளின் விவரத்தோடு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவிப்பது சிரமமான காரியமல்ல. இரண்டு அரசு அலுவலகங்கள் பேசிக்கொண்டால் போதும். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மாதிரி எடுப்பவர்களுக்குப் பயிற்சி தரவும், சந்தை இறாலை ஆண்டு முழுவதும் கண்காணிக்கவும் அந்த அறிவைக் கூப்பிட வேண்டும்.

வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வகம் எந்த உணவில் எந்த எச்சத்தைத் தேட அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்பதை என்.ஏ.பி.எல். பொதுவில் வெளியிடுகிறது, பெயரைத் தட்டிப் பார்த்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த ஆண்டு கடலூர் மாவட்டச் சந்தைகளில் எத்தனை இறால் மாதிரிகள் எடுக்கப்பட்டன, எந்த மருந்துகளுக்காகச் சோதிக்கப்பட்டன, எந்த ஆய்வகத்தில், எந்த அளவு வரை தேடினார்கள் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, நைட்ரோபியூரானைக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரை தேடினோம் என்று பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.